இரண்டு எட்டுப் பின்னால்

முன்பின் தெரியாதவர்கள் செய்த தப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்வதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. கோவை பீளமேட்டில் ஒரு கட்டடம். கீழே பேக்கரி, மேலே பெண்கள் விடுதி, நடுவில் நாங்கள் நாற்பது பேர் காலை ஒன்பது மணிக்கு டீயும் பன்னுமாக உட்கார்ந்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறோம். பெயரில்தான் கால் இருக்கிறது. மற்றபடி எல்லாம் கையும் தோளும்தான். தலைக்கவசம் போட்ட இருபத்திரண்டு தடியர்கள் ஒருவர் மேல் ஒருவர் பாய்வார்கள், ஐந்தாறு விநாடியில் விசில் ஊதிவிடும். பிறகு எழுந்து, கூடிக் குசுகுசுவென்று பேசி, மறுபடி பாய்வார்கள். கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்குக் கதவு திறக்கும்போது நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் ஒன்றும் புதிதாக இருக்காது.

அந்த ஐந்தாறு விநாடியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, யார் எங்கே நின்றார், யார் யாரைக் கோட்டைவிட்டார் என்று குறிக்க வேண்டும். கடைசியில் ஒரு கட்டம் வரும்: தப்பு யாருடையது? அதற்கு மூன்று பொத்தான்கள். ஆட்டக்காரர், பயிற்சியாளர், தெரியவில்லை. வெளிநாட்டில் யாரோ இதையெல்லாம் வாங்கி என்னவோ செய்கிறார்கள். அது எனக்குத் தேவையில்லாத விஷயம். நாற்பத்தாறு வயதில் ஏசி அறையில் நீதிபதி வேலை கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

நான் கண்டிப்பான நீதிபதி. முதல் பொத்தானை அழுத்தி அழுத்தி அதன் எழுத்தே அழிந்துவிட்டது என்று பக்கத்து மேஜைப் பெண் கிண்டல் செய்வாள். அவள் நேர்மாறு. பத்துக்கு நாலு தடவை ‘தெரியவில்லை’ என்று போடுவாள். கேட்டால், “அந்தாளுகிட்ட முன்னாடியே என்ன சொல்லி அனுப்புனாங்கன்னு வீடியோல தெரியாதில்லீங்க?” என்பாள். வேலைக்குச் சோம்பல்பட்டுக்கொண்டு வக்கணையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

சில கோப்புகளில் ஆட்டம் முடிந்த பிறகு நடக்கும் பேட்டியும் ஒட்டிக்கொண்டு வரும். தோற்ற அணியின் பயிற்சியாளர் மைக் முன்னால் வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “தப்பு என்னுடையது, அந்தப் பையனை நான்தான் சரியாகத் தயார் செய்யவில்லை” என்பார். வாரா வாரம் இதே பாட்டு. அடுத்த வாரக் கோப்பைத் திறந்தால் அந்தப் பையன் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். பயிற்சியாளர் அதே தொப்பியோடு அதே இடத்தில் நின்று சுயிங்கம் மெல்லுவார். எனக்குச் சிரிப்பாக வரும். வாயால் தூக்கிக்கொள்கிற பாரத்துக்கு எடை ஏது என்று பக்கத்து மேஜையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இவ்வளவு பேசுகிறவன் சனி, ஞாயிறுகளில் என்ன செய்துகொண்டிருந்தான் என்றால், அவனே ஒரு பயிற்சியாளர்.

முழங்கால் விட்டுப்போகும் வரை நான் வாலிபால் ஆடியவன். காங்கேயத்தில் ஓர் எண்ணெய் ஆலை முதலாளி, தன் மருமகள் ஆசைப்பட்டாள் என்பதற்காக ஆலையின் தேங்காய்க் களத்தை ஒட்டி வாலிபால் மைதானம் போட்டுக் கொடுத்து, பெண்கள் அணி ஒன்றையும் திரட்டினார். அதற்குச் சொல்லித் தர என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் போனால் ஞாயிறு பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன். மூன்று வருடம் இப்படி ஓடியது. பந்து எகிறிப் போய்க் காயும் தேங்காய்ப் பருப்பின் நடுவே விழும், யாராவது ஓடிப் போய் எடுத்து வந்து எண்ணெய்ப் பிசுக்கைப் பாவாடையில் துடைத்துவிட்டு சர்வீஸ் போடுவார்கள். எங்கள் பந்து எப்போதும் கொஞ்சம் வழுக்கும். எதிரணிகள் அதைச் சூழ்ச்சி என்றே நம்பின.

மருமகள் கல்லூரியில் ஆடியவள். முப்பத்து மூன்று வயது, இரண்டு குழந்தைகள், அருமையான கை. காலில் மட்டும் பழைய வேகம் இல்லை. அவளோடு பின்வரிசையில் நின்றவள் அதே களத்தில் பருப்பு கிளறும் இருபது வயதுப் பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அங்கேயே தேங்காய் உடைப்பவர்கள். இந்தப் பெண்ணுக்கு வாலிபாலைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பந்து எங்கே விழும் என்பது மட்டும் எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. பொறாமைப்படத்தான் முடியும்.

முதலாளி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் ஆறு பேரில் இடம் பிடிக்கிறவர்களுக்குப் பேக்கிங் செக்‌ஷனில் மாதச் சம்பள வேலை. மருமகளுக்கு அது தேவையில்லை. களத்துப் பெண்ணுக்கு அது வெயிலிலிருந்து கூரைக்குள் போகிற வழி. அந்த வருடப் போட்டிகள் முடிந்ததும் பட்டியல் போடுவதாக ஏற்பாடு.

ஒருநாள் பயிற்சியில் இருவருக்கும் நடுவில் வந்த பந்துக்கு இருவரும் பாய்ந்து முட்டிக்கொண்டார்கள். மருமகள் கீழே விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. வாலிபாலில் இது தும்மல் மாதிரி, நடக்காத நாளே கிடையாது. ஆனால் முதலாளி ஆலை அலுவலகத்திலிருந்து இறங்கி வந்து, மருமகளின் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “பாத்துக்குங்க சார்” என்றார். அவ்வளவுதான். முகத்தில் கோபம் இல்லை. எனக்குக் காபி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காபியைக் குடித்துக்கொண்டே நான் வெலவெலத்துப் போனேன். மைதானம் அவருடையது. பந்து அவருடையது. எனக்கு இந்த வயதில் சொல்லித் தர ஓர் அணி இருக்கிறது என்றால் அது அவர் தயவு. காபி தீர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்து, அந்தப் பெண்ணைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டேன்.

“அம்மணி, ரெண்டு பேருக்கும் நடுவுல வர்ற பந்து அக்காவோடது. நீ ரெண்டு எட்டுப் பின்னால போயிரோணும். செரியா?”

“செரிங்க சார்.”

“இதைய யாருகிட்டயும் சொல்லிக்க வேண்டாம். நம்ம பிளான் இது.”

மருமகளிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உனக்கு அடிபட்டால் உன் மாமனாருக்கு நான் பதில் சொல்ல வேண்டும், அதனால் உனக்கு வழிவிடச் சொல்லியிருக்கிறேன் என்றா? அது மரியாதைக் குறைவு. எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு வரும் என்றால் உயிரே போனாலும் சில விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அந்தப் பெண்ணோ நான் ஏதோ பெரிய வியூகம் வகுத்திருக்கிறேன் என்று நம்பி, வீட்டு வாசலில் தனியாக நின்று இரண்டு எட்டுப் பின்னால் போவதைப் பழகியிருக்கிறாள். அவளுடைய அம்மா பிறகு ஒருநாள் சொன்னாள்.

வருடத்தின் கடைசிப் போட்டி கோயம்புத்தூரில், ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. ஐந்தாவது செட். எதிரணி பதினாலு, நாங்கள் பதிமூன்று. அவர்கள் போட்ட சர்வீஸ் அப்படியொன்றும் பிரமாதமில்லை. மெதுவாக வந்து, நடுவில், அந்தப் பெண்ணின் இடது கைக்கு நேராக இறங்கியது. அவள் நினைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பாள். அவள் உடம்பு முன்னால் போகத் துடித்ததை நான் பார்த்தேன். பிறகு, ரொம்ப அழகாக, இரண்டு எட்டுப் பின்னால் போனாள். மருமகள் அவளைப் பார்த்தாள், அவள் மருமகளைப் பார்த்தாள், பந்து இருவருக்கும் நடுவில் தொப்பென்று விழுந்தது. ஆட்டமும் போச்சு.

“ஏம்புள்ள! உன்ற கைக்குத்தானே வந்துச்சு! எதுக்கு ஓடறே?” என்று மருமகள் அத்தனை பேர் முன்னால் கத்தினாள். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தேடினேன். மூடி பாட்டிலில்தான் இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் எங்கள் ஆட்டத்தின் வீடியோவைக் கைப்பேசியில் பக்கத்து மேஜைப் பெண்ணிடம் காட்டினேன். அவளுக்கு வாலிபால் தெரியாது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். “பின்னால போகுதே, அந்தப் பொண்ணு தப்புங்க. இதுல என்ன சந்தேகம்?” என்றாள். பத்துக்கு நாலு தடவை தெரியவில்லை போடுகிறவளுக்கே சந்தேகமில்லை. தண்ணீர்க் குழாயடியில் நடந்த பேச்சு அந்த வீடியோவில் எங்கே இருக்கிறது? அன்று என் கோப்புகளில் எத்தனை தடியர்கள் அநியாயமாக முதல் பொத்தானில் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை முதலாளி ஆலை அலுவலகத்தில் கூட்டம் வைத்தார். அவர், மருமகள், ஆலை மேனேஜர், நான். ஆளுக்கொரு காபி. “அந்தக் களத்துப் புள்ளைய மாத்திப்போட்டு வேற ஆளப் போட்டுக்கலாம்ங்களா சார்? பயந்த சுபாவமாத் தெரியுது” என்றார் முதலாளி.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். “தப்பு என்னுதுங்க அய்யா” என்றேன்.

“அட, நீங்க பெரிய மனசுல சொல்றீங்க” என்று அவர் சிரித்தார்.

“இல்லீங்க, நெசமாலுமே என்னுதுதானுங்க.”

“அதெப்படிங்க உங்களுது ஆகும்? வேன் லேட்டா வந்துச்சு, புள்ளைக ஒடம்பு சூடாகறதுக்கு நேரமே இல்ல. என்ற தப்புங்க” என்றார் மேனேஜர்.

“அப்படிப் பாத்தா, முந்துன மேட்ச்சுக்குப் போய் வந்த அலுப்புத் தீராம அந்த மேட்சுக்கு ஒத்துக்கிட்டதே என்ற தப்புங்க” என்றார் முதலாளி.

“நான் முன்னாலயே சத்தம் குடுத்திருக்கோணுங்க மாமா. என்ற தப்புந்தான்” என்றாள் மருமகள்.

ஐந்தே நிமிடத்தில் நான்கு பேரும் போட்டி போட்டுக்கொண்டு தப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டோம். எல்லோர் மனதும் நிறைந்தது. பிறகு மேனேஜர் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

நான் மிச்சக் காபியைக் குடித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேனே, இரண்டு தடவை சொன்னேனே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் களத்தில் பருப்பு கிளறிக்கொண்டிருந்தாள். முகத்தைத் துண்டால் மூடியிருந்தாள், கண் மட்டும் தெரிந்தது.

“என்னங்க சார் சொன்னாங்க?”

“தப்பு என்னுதுன்னு நான் சொல்லிட்டேன் கண்ணு.”

“செரிங்க சார்.” கொஞ்ச நேரம் கிளறினாள். “அப்ப நான் நாளைக்கு வரோணுங்களா, வேண்டாங்களா?”

விறுவிறுவென்று நடந்து, பஸ் ஸ்டாண்டு வரை போய், கோவை பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் பிடித்துவிட்டேன். நான் சுயிங்கம் மெல்லுவதில்லை, தொப்பி போடுவதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் இறங்கினேன். அவர் ஏதோ திட்டினார். திட்டட்டும், நியாயம்தான்.

திரும்பிப் போனபோது முதலாளி வழக்கம்போல, “வாங்க சார், உக்காருங்க, காபி சாப்பிடுங்க” என்றார்.

“காபி வேண்டாங்க. உக்காரலைங்க” என்றேன். எங்கள் ஊரில் கதவைக் காலால் உதைத்துத் திறந்தால்கூட இவ்வளவு திடுக்கிட மாட்டார்கள். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அய்யா, அந்தப் புள்ள தானாப் பின்னால போகலைங்க. நான் போகச் சொன்னேன். அக்காவுக்குக் கை வீங்குன அன்னைக்கு, கொழாயடியில கூப்பிட்டுச் சொன்னேன். யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னும் சொன்னேன். அது சொன்னபடி செஞ்சுது. அவ்வளவுதான் அது செஞ்ச தப்பு.”

முதலாளியின் முகம் மாறியது. “நான் எப்பங்க உங்களைய அப்படிச் செய்யச் சொன்னேன்?”

“நீங்க சொல்லலைங்க. நானாத்தான் பயந்துக்கிட்டேன். மைதானம் உங்களுது. அந்தப் புள்ள களத்துல வேலை செய்யற புள்ள. அதனால அதையப் பின்னால போகச் சொல்றது எனக்கு லேசா இருந்துச்சு. அதுக்குத்தான் சொன்னேன். ஆட்டத்துக்காகச் சொல்லலைங்க.”

சொன்ன பிறகுதான் எனக்கே அது முழுதாகக் காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தார். இந்த முறை யாரும் “இல்லீங்க, என்ற தப்புங்க” என்று சொல்லவில்லை.

மருமகள்தான் முதலில் எழுந்தாள். “ஏனுங்க சார், நடுப்பந்த நான் எடுக்க வேண்டாம், அந்தப் புள்ள எடுக்கட்டும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அழுதிருப்பனா? ரெண்டு புள்ளை பெத்தவளுங்க நானு. வீங்குன கைக்கு அழுகறவளா? உங்களால அத்தன பேர் முன்னால அதையத் திட்டிப்போட்டேனே!” அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்திலா வேறெதிலா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. மாமனாரைத் திரும்பிப் பார்த்து, “புள்ள வரட்டுங்க மாமா” என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் களத்தைப் பார்த்து நடந்தாள்.

முதலாளி அதே கனிவோடு சொன்னார். “சார், நீங்களும் வாரா வாரம் பஸ்ஸுல அலையறீங்க. காலும் செரியில்ல. கொஞ்ச நாள் ஊட்ல இருங்க. தேவைப்பட்டா நாங்களே கூப்பிடறோம்.” இதற்கு மேல் பச்சையாக ஒருவரை வேலையைவிட்டு அனுப்ப எங்களுக்குத் தெரியாது. ஐந்து லிட்டர் கேனில் தேங்காய் எண்ணெய் கொடுத்து, ஆலைக் காரிலேயே பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விடச் சொன்னார். கார் களத்தைத் தாண்டும்போது மருமகள் சூடான சிமென்ட் தரையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று அந்தப் பெண்ணிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடுவார்கள் என்று நினைக்கவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டில் இருந்தேன். மனைவிக்கு முதல் வாரம் சந்தோஷம், இரண்டாவது வாரம் சந்தேகம், மூன்றாவது வாரம் எரிச்சல். ஆபீஸில் நான் மூன்றாவது பொத்தானை அதிகமாக அழுத்த ஆரம்பித்து, மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். நாற்பத்தாறு வயதில் திடீரென்று இவ்வளவு தெரியாமல் போவது எப்படி என்று அவருக்குக் கவலை. பக்கத்து மேஜைப் பெண் மட்டும் எனக்கு ஒரு பன் கூடுதலாக வாங்கி வந்தாள்.

கேனில் எண்ணெய் பாதிக்கு இறங்கியிருந்தபோது ஒரு புதன்கிழமை மத்தியானம் கைப்பேசியில் ஒரு வீடியோ வந்தது. அந்தப் பெண் அனுப்பியிருந்தாள். ஏதோ ஒரு மைதானம், நடுவில் இறங்கும் சர்வீஸ். அவள் “நானு!” என்று அலறிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் பாய்கிறாள். மருமகளும் பாய்கிறாள். இருவரும் மோதி மண்ணில் உருள, பந்து எங்கோ பார்வையாளர் பக்கம் போகிறது. பாயிண்ட் போச்சு. மருமகள் உட்கார்ந்த வாக்கில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு என்னவோ சொல்ல, இருவரும் சிரிக்கிறார்கள். கீழே எழுதியிருந்தாள்: ‘சார் இதப் பாத்துட்டு சொல்லுங்க. யாரு தப்பு?’

பழக்க தோஷத்தில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு எழுதினேன்: ‘தெரியலை கண்ணு. உங்க புது கோச்சு என்ன சொல்லிக் குடுத்தாருன்னு எனக்குத் தெரியாதே.’

அவள் பேசியே அனுப்பினாள். பின்னால் பேக்கிங் செக்‌ஷன் மிஷின் சத்தம் கேட்டது. “அந்தப் பந்த அக்காவுக்கு உட்ரச் சொன்னாருங்க சார். அக்காதான் பந்துக்குக் கிட்டக்க இருந்தாங்க. நாந்தான் கேக்காமப் போய் உழுந்தேன். இது என்ற தப்புங்க!” குரலில் அப்படி ஒரு பெருமை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வேறு யாரோ அவளுக்குச் சொல்லித் தருகிறார் என்று வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, “ஞாயித்துக்கெழம உங்கூர்ல, உக்கடத்துப் பக்கம் மேட்ச்சுங்க. நானும் ஆடறேன். வாரீங்களா?” என்று கேட்டாள்.